ராப் பாடல்கள் இளைஞர் உள்ளத்தைக் கவர்வது ஏன்?

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் மேலைநாட்டு ராப் பாடல்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நம் செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. நமது மாலைநேரப் படிப்பகத்தில் இப்பாடல்கள் ஒலிக்கக்கூடாது என்று சென்ற மாதம் பெரியவர்கள் சிலர் கருத்துத் தெரிவித்தார்கள். இளைஞர்கள் மனம் வருந்தினார்கள். இரு சாராரும் என்னிடம் வந்தார்கள். அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூறுகிறேன். இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே என்பது முடிவில் விளங்கும்.

முதலில் ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் இப்பாடல்களை வெறுத்தவன்தான். "இது பாட்டா? பேச்சா? கூச்சலா?" என்று கேட்டவன்தான். என் எண்ணத்தை மாற்றியவன் என் மாணவன் ஒருவன். பத்தாம் வகுப்பில் படித்தவன். செய்யுள் ஒப்புவிக்க எழுந்தால் இரண்டு அடிக்கு மேல் அவனுக்கு நா எழாது. முகம் வெளிறிவிடும். அப்படிப்பட்டவன் ஒரு நாள் நண்பகல் இடைவேளையில், வேப்பமரத்தடியில் தனியே நின்று, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ஓர் ஆங்கிலப் பாட்டை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஓர் எழுத்தும் தவறவில்லை. ஓரிடத்திலும் தாளம் பிசகவில்லை. தலைமையாசிரியன் என்ற முறையில் நான் செய்த முதற் காரியம் கருவியைப் பறித்துக்கொண்டது. இரண்டாவது காரியத்தைச் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவனை அழைத்து, "அந்தப் பாட்டை எழுதிக் காட்டு, இருவரும் பொருள் பார்ப்போம்" என்றேன். அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று தொடங்கியது என் படிப்பு. அந்தப் படிப்பில் நான் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இப்பாடல்கள் பிறந்த இடத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநகரத்தில் பிராங்க்ஸ் என்பது ஒரு பகுதி. 1913-ஆம் ஆண்டு நம் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கடல் கடந்து சென்று பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் அதே மாநகரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஹார்லெம் ஆற்றைக் கடந்து சில மைல் சென்றால் பிராங்க்ஸ். அங்கே 1948-இல் ஒரு பெருஞ்சாலைப் பணி தொடங்கிற்று. குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்ற அச்சாலைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதி படைத்தோர் வெளியேறினர். எஞ்சியோர் பெரும்பாலும் கறுப்பின மக்களும், போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த ஏழை மக்களும் ஆவர். 1970-களில் அங்கே கட்டடங்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றி எரிந்தன. காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே மூட்டிய தீயும் அவற்றுள் உண்டு. பழியோ அங்கே வாழ்ந்த ஏழைகளின்மேல் விழுந்தது. அரசின் கண்ணுக்கு அது கைவிடப்பட்ட நிலம்.

அந்த நிலத்தில், செட்விக் அவென்யூ என்னும் தெருவில், 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஒரு சிறிய விருந்து நடந்தது. நடத்தியவள் சிண்டி கேம்பல் என்னும் பெண். பள்ளி திறக்கும் பருவம் வருகிறது. புதிய உடை வாங்கப் பணம் வேண்டும். அதற்காகவே அந்த ஏற்பாடு. பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவளுடைய அண்ணன் கிளைவ் கேம்பல்; அப்போது அவருக்கு வயது 18. ஜமைக்காத் தீவில் பிறந்து, சிறுவனாக அங்கே குடிபெயர்ந்தவர். டி.ஜே. கூல் ஹெர்க் என்பது அவர் சூட்டிக்கொண்ட பெயர். உலகெங்கும் இன்று ஹிப்-ஹாப் என்று வழங்கும் கலை அந்த இரவில்தான் பிறந்தது என்று கொண்டாடுகிறார்கள். 2023-இல் அதற்குப் பொன்விழாவே எடுத்தார்கள். எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கு உடுத்திச் செல்லப் புதிய உடை வேண்டும் என்ற ஆசையிலிருந்து ஓர் உலகக் கலை பிறந்திருக்கிறது. அந்த ஆசை நமக்கு அந்நியமானதன்று.

இப்பாடல்கள் உள்ளத்தைக் கவர்வதற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன்.

முதற் காரணம் தாளம். அக்காலத்து நடன இசைத்தட்டுகளில் ஒரு பாட்டின் இடையில், பாடகரும் பிற கருவிகளும் ஓய்ந்து, முரசும் தாளமும் மட்டும் சில நொடிகள் ஒலிக்கும் இடம் ஒன்று வரும். ஆடுவோர் அந்த இடத்துக்காகவே காத்திருப்பதை ஹெர்க் கண்டார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு கருவிகளில் வைத்தார். ஒன்றில் அந்தப் பகுதி முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கினார். சில நொடிகள் பல நிமிடங்களாக நீண்டன. அவருக்குப்பின் வந்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். இசைத்தட்டின்மேல் வண்ணக்கோலால் அடையாளமிட்டு, கடிகாரமுள்ளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தாளம் அணுவளவும் பிறழாமல் இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பள்ளியிற் கற்ற அறிவு கலைக்குத் துணைநின்ற இடம் இது.

இசைக்கருவி வாங்கப் பணமில்லை. கற்பிக்க ஆசிரியர் இல்லை. வீட்டில் கிடந்த பழைய இசைத்தட்டே அவர்களுக்கு இசைக்கருவி ஆயிற்று. பாட்டின் நடுவே பிறர் பொருட்படுத்தாமல் விட்ட துண்டே பாட்டின் உயிராயிற்று. அத்தாளத்தின் வேகமும் உடலுக்கு இணக்கமானது. பெரும்பாலான பழைய ராப் பாடல்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 90 முதல் 110 அடிவரை செல்லும். விரைந்து நடக்கும் மனிதனின் காலடி அது. கேட்பவன் தன்னை அறியாமல் தலையசைப்பது அதனால்தான். மொழி தெரியாதவனையும் முதலில் கட்டி நிறுத்துவது இத்தாளமே.

இரண்டாவது காரணம் சொல். ராப் என்பது தாளத்தில் ஏறிய பேச்சு. பேச்சுத்தானே என்று எளிதாக எண்ணிவிட வேண்டா. நான்கு அடி கொண்ட ஒரு தாளவட்டம். பதினாறு வட்டங்கள் சேர்ந்தால் வழக்கமாக ஒரு பத்தி. அந்த வரம்புக்குள் கருத்தையும் நிறுத்த வேண்டும். ஓசையையும் பொருத்த வேண்டும். நம் யாப்பில் எதுகையும் மோனையும் செய்யும் வேலையை அங்கே இயைபு செய்கிறது. தொடக்கக் காலத்தில் அடியின் இறுதியில் மட்டும் இயைபு வரும். 1987-இல் எரிக் பி., ராக்கிம் இருவரும் வெளியிட்ட இசைத்தொகுப்பில் ராக்கிம் அதை மாற்றினார். அடியின் இடையிடையே, பல அசைகள் தொடர்ந்து ஒத்தொலிக்குமாறு பின்னினார். அவர் சாக்சபோன் வாசிக்கக் கற்றவர்; அக்கருவியின் மூச்சோட்டத்தைச் சொல்லில் கொண்டுவந்தார். இது பயிற்சியின்றி வாய்க்காது. நல்ல ராப் கலைஞர்கள் குறிப்பேடு குறிப்பேடாக எழுதி, அடித்து, மீண்டும் எழுதியே அந்நிலையை அடைந்தவர்கள். மேடையில் எளிதாகத் தோன்றுவது வீட்டில் பட்ட பாடு.

சொல்லைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சொற்கள் பாடநூல் ஆங்கிலம் அல்ல. கறுப்பின மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசிய மொழி. அதைப் பேசியதற்காகப் பள்ளியில் திருத்தப்பட்டவர்கள், அலுவலகத்தில் நகைக்கப்பட்டவர்கள் அவர்கள். அதே மொழி திருத்தப்படாமல் இசைத்தட்டில் ஏறியபோது, அது தங்களுக்கே மணிமுடி சூட்டியதுபோல அம்மக்களுக்கு இருந்தது. என் மாணவன் வகுப்பில் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறாம் வகுப்பில் அவன் எழுந்து பேசியபோது, அவன் தெருவின் பேச்சு வழக்கைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். ஆசிரியரும் சிரித்தாராம். அன்று மூடிய வாய், நான்கு ஆண்டுகள் திறக்கவில்லை. இதை அவன் என்னிடம் கூறியபோது ஆசிரியன் என்ற முறையில் நான் தலைகுனிந்தேன்.

மூன்றாவது காரணமே தலையாயது. அது "நான்" என்னும் சொல். ராப் பாடகன் முதலில் தன் பெயரைச் சொல்கிறான். தன் தெருவைச் சொல்கிறான். தன் நிலையைச் சொல்கிறான். தற்பெருமை என்று நமக்குத் தோன்றும். ஆனால் பெயர் சொல்லி அழைக்கப்படாத மக்கள், இழிபெயரால் மட்டுமே அழைக்கப்பட்ட மக்கள், தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வதற்கு வேறு பொருள் உண்டு. "எங்களை நீங்கள் எப்படி அழைத்தாலும் சரி, நாங்கள் யார் என்பதை நாங்களே சொல்வோம்" என்பதே அது. இதன் அருமை இந்த அவையில் இருப்போர்க்கு விளக்காமலே விளங்கும்.

1979-இல் சுகர்ஹில் கேங் என்னும் குழுவினரின் பாட்டு ஒன்று நாடெங்கும் பரவி, ராப் இசைத்தட்டு விற்பனையாகும் என்று காட்டிற்று. அது களியாட்டப் பாட்டு. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரின் பெயரில் "தி மெசேஜ்" என்ற பாட்டு வந்தது. உடைந்த கண்ணாடி சிதறிக் கிடக்கும் தெரு, எலி ஓடும் வீடு, கடன்காரனின் அழைப்பு, படிப்பை விட்டுச் சிறைசென்று மடியும் இளைஞன் என்று ஒரு சேரியின் வாழ்வே அதில் காட்சியாகிறது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கேட்டார்கள். 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற முதல் ராப் பாட்டு இதுவே. இதை மெல்லி மெல்லுடன் சேர்ந்து எழுதிய எட்வர்ட் ஃபிளெட்சர் பிற்காலத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார் என்பதை அறிந்தபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன். 2015-இல் கென்ட்ரிக் லமார் பாடிய "ஆல்ரைட்" என்ற பாட்டின் பல்லவியைக் காவல்துறைக் கொடுமைகளை எதிர்த்த ஊர்வலங்களில் மக்கள் திரண்டு பாடினார்கள். 2018-இல் அதே கலைஞரின் இசைத்தொகுப்பு ஒன்றுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதுவரை செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் மட்டுமே சென்ற பரிசு அது.

என் மாணவன் வேப்பமரத்தடியில் சொன்ன பாட்டு எது என்று கேட்பீர்கள். 2002-இல் வெளிவந்த "லூஸ் யுவர்செல்ஃப்". பாடியவர் எமினெம். டெட்ராய்ட் நகரத்து ஏழை வெள்ளையர் குடும்பத்தில் வளர்ந்தவர். கறுப்பினக் கலைஞர்களிடம் அக்கலையைக் கற்று, டாக்டர் டிரே என்னும் கறுப்பின இசையமைப்பாளரின் ஆதரவால் உலகுக்கு அறிமுகமானவர். ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் ராப் பாட்டு அது. அதன் கரு என்ன? மேடையேறும் ஏழை இளைஞன் ஒருவன். கை வியர்க்கிறது. கூட்டம் பார்க்கிறது. வாய் திறக்கிறான்; சொல் வரவில்லை. கூட்டம் நகைக்கிறது. மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தால் அதை நழுவவிடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். வகுப்பில் வாயடைத்து நின்ற என் மாணவன் ஆயிரம் பாட்டுகளில் இந்த ஒரு பாட்டைத் தேர்ந்தது ஏன் என்பதை இனி நான் விளக்க வேண்டியதில்லை. பாதிச் சொற்களுக்கு அவனுக்குப் பொருள் தெரியாது. பாட்டு அவனை அறிந்திருந்தது.

இனிப் பெரியவர்களின் பக்கத்தைப் பேச வேண்டும். அவர்கள் கூறும் குறைகள் பொய்யல்ல. பெண்களை இழித்துப் பேசும் பாடல்கள் ஏராளம். துப்பாக்கியையும் போதைப்பொருளையும் தங்கச் சங்கிலியையும் வீரமென்று காட்டும் பாடல்களும் ஏராளம். டூபாக் ஷகூர் 1996-இலும், நட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997-இலும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முன்னவருக்கு வயது 25, பின்னவருக்கு 24. பாட்டில் துப்பாக்கி அழகாக ஒலிக்கலாம். தெருவில் அது தாயின் அழுகையாகத்தான் முடிகிறது. இக்குறைகளை முதலில் கண்டித்தவர்களும் அக்கலைக்குள்ளேயே இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. குவீன் லத்தீஃபா என்னும் பெண் கலைஞர் 1993-இல் தாம் வெளியிட்ட பாட்டில், பெண்ணை இழிசொல்லால் அழைப்பவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டார். அதற்கு அமெரிக்க இசையுலகின் உயர்ந்த விருதாகிய கிராமி விருதும் கிடைத்தது. லாரின் ஹில் 1998-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு, ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் ஹிப்-ஹாப் படைப்பாயிற்று. ஆகவே ஒரு கலையின் குப்பையைக் காட்டி அக்கலையையே ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்வேன். இன்று இது பெருஞ்செல்வம் புரளும் வணிகம். 2017-இல் அமெரிக்காவில் ராக் இசையையும் விஞ்சி, மிகுதியாகக் கேட்கப்படும் இசைப்பிரிவு என்ற இடத்தை ஹிப்-ஹாப்பும் அதனோடு சேர்ந்த ரிதம் அண்ட் புளூஸ் இசையும் பிடித்தன. வன்முறை விற்குமென்றால் வணிகன் வன்முறையை விற்பான். வறுமையின் குரல் விற்குமென்றால் அதையும் விற்பான். உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்பவர் ஜேம்ஸ் பிரௌன் என்ற புகழ்பெற்ற பாடகரின் குழுவில் முரசு வாசித்த கறுப்பினக் கலைஞர். 1970-இல் வெளிவந்த இசைத்தட்டொன்றில் அவர் வாசித்த சில நொடித் தாளத்தைப் பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் எடுத்துப் பயன்படுத்தினார்கள். பாட்டின் உரிமை அவர் பெயரில் இல்லை. அதனால் அவருக்கு உரிமைத்தொகை பெரும்பாலும் வந்து சேரவில்லை. 2017-இல் அவர் மறைந்தார். உலகையே ஆட்டிவைத்த கைகள் அவை. முரசறைந்தவன் ஓரத்தில் நிற்க, ஆடியவர்களுக்கு மாலை விழுந்த கதையை நாம் நம் ஊரிலும் கண்டிருக்கிறோம். எனவே பாடத் தெரிந்தால் மட்டும் போதாது; ஒப்பந்தத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். கல்வி அதற்கும் வேண்டும்.

அவர்கள் கதைக்கும் நமக்கும் உள்ள உறவு புதியதன்று. 1946-இல் அண்ணல் அம்பேத்கர் அவர்கள், கறுப்பின மக்களின் பேரறிஞர் டியூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டிக்காட்டினார். அவ்வுறவு இன்று இசையிலும் தொடர்கிறது. 2018 சனவரியில் சென்னையில் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்னும் குழு மேடையேறி, கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே அரங்கில் இணைத்தது. அதன் பெயர், நம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்று அடையாளம் கண்ட அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எழுந்தது. அவர்கள் மேலைநாட்டு உடையையும் அங்க அசைவையும் கடன் வாங்கி நின்றுவிடவில்லை. தம் தெருவைத் தம் மொழியில் பாடுவது என்னும் முறையைக் கற்றுக்கொண்டார்கள். நாம் பயில வேண்டியதும் அதுவே.

ஆகவே, என் விடை இது. படிப்பகத்தில் இப்பாடல்களைத் தடுக்க வேண்டா. படிக்கும் வேளையில் படிப்பு, அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். ஒரு பாட்டைக் கேட்போம். அகராதியை வைத்துக்கொண்டு பொருள் காண்போம். நல்லதை நல்லதென்போம்; இழிந்ததை இழிந்ததென்போம். பெரியவர்களும் வந்து அமர வேண்டும். பின்னர் நம் பிள்ளைகள் பதினாறு அடி எழுதிக் கொண்டுவரட்டும். நிபந்தனைகள் இரண்டே. பெண்ணைப் பழிக்கும் சொல் வரக்கூடாது; பிறர் எழுதியதைத் தம்முடையது என்று சொல்லக்கூடாது. எந்தத் தமிழில் வேண்டுமானாலும் எழுதலாம்.

இந்த மேடையில் நான் இலக்கணத் தமிழில் பேசுகிறேன். தேர்வில் நீங்களும் இதில்தான் எழுத வேண்டும். இது நமக்குப் பிறர் இட்ட பிச்சையன்று. நாம் வென்றெடுத்த உடைமை. அதனை விட்டுவிடாதீர்கள். அதே வேளையில் உங்கள் தாயார் உங்களைத் தாலாட்டிய பேச்சு இதனினும் தாழ்ந்ததென்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் உங்களுடையவை.

என் மாணவன் என்ன ஆனான் என்று சொல்லாமல் முடித்தால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். அவன் பெரிய பாடகன் ஆகிவிடவில்லை. அவ்வாண்டு இலக்கிய மன்றக் கூட்டத்தில் தானே எழுதிய பதினாறு அடிகளைச் சொன்னான். ஏரிக்கரையில் நெடுநாள் செங்கல் சுமந்த தன் பாட்டியைப் பற்றியவை. ஏழாவது அடியில் நா தடுமாறிற்று. அரங்கில் எவரும் சிரிக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் தொடங்கி முடித்தான். இறுதியில் தன் பெயரையும் தன் தெருவின் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டு இறங்கினான். முப்பது ஆண்டு ஆசிரியப் பணியில் நான் கேட்ட சொற்பொழிவுகளுள் அதனை முதலாவதாக வைப்பேன்.

அப்படி எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லும் பிள்ளைகளை உருவாக்கவே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகிறது. அவ்வுழைப்பு மேலும் ஓங்குக.